பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம்

டேப் டிரைவ் மேசை மேல்தான் இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. கார்ட்ரிஜைத் தள்ளினால் 'கிர்ர்' என்று உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்கிறது. ஆனால் சர்வரைக் கேட்டால், "அப்படி ஒரு கருவியோ முகவரியோ இல்லை" என்கிறது. யூனிக்ஸ் வைத்திருக்கும் பிழைப் பட்டியலில் இதற்கு எண் 6. பழைய யூனிக்ஸ் கையேட்டிலேயே இந்தப் பிழைக்கு உதாரணமாகக் காட்டப்படுவது இணைப்பில் இல்லாத டேப் டிரைவ்தான். பிரச்சினை அவ்வளவு பழசு.

இது தொழில்நுட்பக்காரர்களின் தலைவலி, நமக்கென்ன என்று கேட்கலாம். காந்த நாடாவில் எதை வைக்கிறார்கள் என்று யோசித்தால் பதில் கிடைக்கும். தினமும் புழங்குவது டிஸ்க்கில் இருக்கும். அது அழிந்துபோனால் என்ன செய்வது என்ற பயத்தில் எடுக்கும் பிரதிதான் டேப்பில் போகும். ஆகவே டேப்பை யாரும் ஆசைப்பட்டுத் தேடுவதில்லை, எல்லாம் போன பிறகுதான் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் சர்வர் "யாருன்னு தெரியலையே" என்று சொல்வதுதான் விஷயம். ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரத்தை அடையாளம் காண்பது எப்படி, அது எப்போதெல்லாம் தவறிப்போனது என்பதற்கு எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றுக்குள் யூனிக்ஸின் சொந்த நினைவும் கிட்டத்தட்டத் தொலைந்து திரும்பி வந்திருக்கிறது.

கணினிக்கு டேப் வந்தது 1951இல். யூனிவாக் கணினியோடு வந்த யூனிசர்வோ என்ற கருவி உலோக நாடாவில் எழுதியது. அடுத்த ஆண்டே ஐபிஎம் நிறுவனம் 726 என்ற டிரைவைக் கொண்டுவந்தது. இது பிளாஸ்டிக் நாடா, எடை குறைவு. 1964இல் ஐபிஎம்மின் சிஸ்டம்/360 அறிவிக்கப்பட்டபோது ஒன்பது தடங்கள் கொண்ட அரை அங்குல நாடா வந்தது. எட்டுத் தடங்களில் ஓர் எழுத்தின் எட்டு பிட்டுகள், ஒன்பதாவதில் அவை சரியா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு பிட். பழைய சினிமாக்களில் 'கம்ப்யூட்டர்' என்று காட்டும்போதெல்லாம் ஆளுயரப் பெட்டியில் இரண்டு சக்கரங்கள் சுற்றுமே, அது இந்த வகைதான். 2400 அடி நீளச் சுருளில், அங்குலத்துக்கு 800 எழுத்து அடர்த்தியில், ஏறத்தாழ 20 மெகாபைட் கொள்ளும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் சில புகைப்படங்களின் அளவு.

எல்லாமே கோப்பு

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். 1971 நவம்பரில் முதல் பதிப்புக் கையேடு வந்தது. அவர்கள் எடுத்த முடிவுகளில் ஒன்று பின்னால் வந்த எல்லாவற்றையும் நிர்ணயித்தது. கணினியோடு இணைத்திருக்கும் கருவிகளையும் கோப்புகளைப் போலவே நடத்துவது என்ற முடிவு அது. 'டெவ்' என்ற அடைவுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர். அந்தப் பெயரில் எழுதினால் கருவிக்குப் போகும், படித்தால் கருவியிலிருந்து வரும். நிரல் எழுதுகிறவன் டிஸ்க்குக்கு ஒரு மாதிரி, டேப்புக்கு ஒரு மாதிரி, அச்சுப்பொறிக்கு ஒரு மாதிரி என்று எழுத வேண்டியதில்லை. முதல் பதிப்பிலேயே டேப்புகளுக்கு 'டேப்0' முதல் 'டேப்7' வரை பெயர்கள் இருந்தன.

ஆனால் இந்தப் பெயருக்குள் ஒன்றுமில்லை. சாதாரணக் கோப்பைத் திறந்தால் உள்ளே எழுத்து இருக்கும். கருவிக் கோப்பைத் திறந்தால் இரண்டே இரண்டு எண்கள். முதல் எண், 'இந்தக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் டிரைவர் நிரல் எது' என்று சொல்லும். இரண்டாவது எண், 'அந்த நிரல் கவனிக்கும் கருவிகளில் எத்தனையாவது' என்று சொல்லும். லினக்ஸில் முதல் டேப் டிரைவுக்கு இது 9, 0. அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு கெர்னல் டிரைவர் நிரலிடம் போகும், நிரல் வயர் வழியாகக் கருவியிடம் போகும்.

ஆக மூன்று அடுக்கு. பெயர், நிரல், கருவி. மூன்றும் தனித்தனி. மூன்றில் எது இல்லாமல் போனாலும் மற்ற இரண்டும் பாட்டுக்கு இருக்கும். சர்வர் டேப்பை அடையாளம் காணவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம், ஆனால் யூனிக்ஸ் தரும் பதில்கள் வேறுவேறு. 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை' என்றால் பெயரே இல்லை. 'அப்படி ஒரு கருவியோ முகவரியோ இல்லை' என்றால் பெயர் இருக்கிறது, அது காட்டும் இடத்தில் ஆள் இல்லை. 'அனுமதி இல்லை' என்றால் ஆள் இருக்கிறார், உன்னைப் பார்க்க மாட்டார். 'கருவி வேலையாக இருக்கிறது' என்றால் வேறு யாரோ அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். 'உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை' என்றால் ஆளைப் பார்த்தாகிவிட்டது, பேச்சு சரிவரவில்லை. அனுபவப்பட்டவர் முதலில் பார்ப்பது இதைத்தான். எந்தப் பிழை வந்தது என்று கேட்காமல் வயரைப் பிடுங்கிச் செருகுகிறவர் பாதி நாளை அதிலேயே கழிப்பார்.

இந்த அமைப்பில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கருவியும் கோப்புதான் என்றால், கோப்பும் கருவி மாதிரி நடிக்கலாம் இல்லையா? டேப்பின் பெயரைத் தட்டச்சும்போது பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தைப் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரில் கருவி இல்லை. யூனிக்ஸ் என்ன செய்யும்? "சரி, இப்படி ஒரு கோப்பு இல்லை போல, நானே உண்டாக்கிடறேன்" என்று டெவ் அடைவுக்குள் ஒரு சாதாரணக் கோப்பை உருவாக்கி, டேப்புக்குப் போக வேண்டிய அத்தனை தரவையும் அதில் எழுதிவிடும். எந்தப் பிழையும் வராது. 'பிரதி எடுக்கப்பட்டது' என்று அறிக்கை வரும். டேப் டிரைவ் அசையாமல் கிடக்கும். எந்த டிஸ்க் அழிந்துவிடும் என்று பயந்து பிரதி எடுத்தார்களோ, அந்த டிஸ்க்கிலேயே பிரதியும் சேர்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் டிஸ்க் நிறைந்துபோய் சர்வர் நின்றால்தான் வெளியே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கோப்புப் பட்டியலில் அந்த வரியின் முதல் எழுத்து 'சி' என்று இருந்தால் கருவி. வெறும் சிறுகோடு இருந்தால் சாதாரணக் கோப்பு. டேப்பின் நிலையைக் கேட்கும் கட்டளையை அந்தப் போலிக் கோப்பின் மேல் ஏவினால், பழைய யூனிக்ஸ் 'இது தட்டச்சுப்பொறி அல்ல' என்று ஒரு விசித்திரமான பதில் தரும். கருவிகளுக்குரிய கட்டளையைக் கருவியல்லாத ஒன்றிடம் கேட்டால் வரும் பதில் அது. தட்டச்சுப்பொறியை முனையமாக வைத்து வேலை செய்த காலத்தில் எழுதியது, மாற்றாமல் விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துக் குழம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது.

இருப்பதாக நம்புவது

தொடக்கத்தில் சர்வர் எதையும் 'தேடி' அடையாளம் காணவில்லை. இந்தக் கணினியில் இன்னின்ன கருவி இன்னின்ன முகவரியில் இருக்கிறது என்று மனிதர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துக் கெர்னலையே மறுபடி தொகுக்க வேண்டும். டேப் டிரைவை ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றினால் கெர்னல் பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் யூனிக்ஸ் பதிப்பை வெளியிட்டுவந்தது. 1981 ஜூனில் வெளிவந்த 4.1பிஎஸ்டி பதிப்பில் எல்ஸ் எழுதிய தானியங்கி உள்ளமைவு சேர்ந்தது. சர்வர் விழித்தெழும்போதே தெருவில் இருக்கும் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். பதில் வரும் வீட்டில் ஆள் இருக்கிறார். ஒவ்வொரு டிரைவர் நிரலிலும் இதற்கென்று ஒரு சிறு பகுதி உண்டு. கருவியைச் சற்றுச் சீண்டி, அது குரல் கொடுக்கிறதா என்று பார்க்கும்.

டேப்பிடம் இந்த உத்தி சரியாக வேலை செய்யவில்லை. அக்காலத்து டெக் நிறுவன டேப் கட்டுப்படுத்தி ஒன்றில் ஒரு வடிவமைப்புக் குறை. டிரைவில் நாடா மாட்டி, ஆன்லைனில் வைத்திருந்தால்தான் டிரைவ் இருப்பதே தெரியும். நாடா மாட்டவில்லை என்றால் டிரைவ் இல்லாததும் டிரைவ் சும்மா இருப்பதும் ஒரே மாதிரிதான் தோன்றும். சர்வரைத் துவக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லா டிரைவிலும் நாடா மாட்டி வை என்று யாரிடம் சொல்வது? பெர்க்லி நிரலில் அதற்கான இடத்தில் ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தக் குறையால் டேப் இருக்கிறதா என்று உறுதிசெய்ய முடியாது, அதைக் கட்டாயமாக்குவது தாங்க முடியாத நிபந்தனை, ஆகவே எல்லாம் இருப்பதாகவே வைத்துக்கொள்கிறோம் என்பது அதன் சாரம். அடுத்த வரியில் நிரல், கேள்வி கேட்காமல் 'ஆம்' என்று பதில் தருகிறது.

எனக்கு இந்த வரிகள் மேல் ஒரு பிரியம் உண்டு. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து உறுதிசெய்யப் புறப்பட்ட நிரல், டேப் முன்னால் வந்ததும் 'சரி, இருக்கும்னு நம்பிடுவோம்' என்று இறங்கி வருகிறது.

சங்கிலியில் ஏழு பேர்

1986இல் ஸ்கஸி என்ற இணைப்பு முறை தரநிலையானது. இனி ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கட்டுப்படுத்தி வேண்டாம். ஒரே வயரில் டிஸ்க், டேப், சிடிரோம் எல்லாவற்றையும் சங்கிலி போலக் கோக்கலாம். எட்டு முகவரிகள், 0 முதல் 7 வரை. வழக்கமாக 7 கட்டுப்படுத்திக்கு, மீதி ஏழு கருவிகளுக்கு. சன் நிறுவனத்தின் பணிநிலையங்களில் டேப்புக்கு 4, சிடிரோமுக்கு 6 என்று வழக்கமாகவே ஆகிவிட்டது.

எண்பதுகளின் இறுதியிலிருந்து இரண்டாயிரத்தின் தொடக்கம் வரை, 'டேப் தெரியவில்லை' என்ற புகாரில் பெரும்பாடு இந்தச் சங்கிலியில்தான். ஒரே எண்ணை இரண்டு கருவிக்கு வைத்திருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும், எதுவும் விளங்காது. டேப்புக்குப் பின்பக்கம் எண்ணை மாற்றும் சின்னப் பொத்தான் இருக்கும், பேனா முனையால்தான் அழுத்த முடியும். சங்கிலியின் இரண்டு முனையிலும் 'டெர்மினேட்டர்' என்ற அடைப்பான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்குறி வயரின் கடைசிவரை போய், சுவரில் மோதிய குரல் போலத் திரும்பி வந்து அடுத்த குறியோடு கலந்துவிடும். நடுவில் ஒன்று கூடுதலாக இருந்தாலும் தொல்லைதான். இதில் கொடுமை என்னவென்றால், டெர்மினேட்டர் இல்லாமலும் சில நாள் எல்லாம் சரியாக ஓடும். வயர் சற்று நீளமானால், இன்னொரு கருவி சேர்ந்தால், திடீரென்று டேப் காணாமல் போகும். ஸ்கஸியைச் சரிசெய்வதைப் பொறியாளர்கள் பில்லி சூனியம் என்று கேலி பேசியதற்குக் காரணம் இதுதான்.

பிறகு வரிசை. முதலில் டேப்புக்கு மின்சாரம், அப்புறம்தான் சர்வர். சர்வர் விழிக்கும்போது கதவைத் தட்டுகிறது என்றேன். அந்த நேரத்தில் டேப் தூங்கிக்கொண்டிருந்தால், "வீட்ல யாருமில்ல" என்று குறித்துக்கொண்டு போய்விடும். அதன்பின் டேப்பை எழுப்பினாலும் பயனில்லை. சொலாரிஸில் 'மறு உள்ளமைவு' செய்து துவக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் மறுபடி தட்டிப் பார்த்துப் புதுப் பெயர் எழுதும்.

இந்த இடத்தில்தான் பிரச்சினையைப் பாதியாக வெட்டும் வழி கிடைக்கிறது. சன் இயந்திரங்களில் யூனிக்ஸ் எழுவதற்கு முன்பே 'ஓகே' என்று ஒரு வரி வரும். அங்கேயே, யூனிக்ஸின் உதவி இல்லாமல், சங்கிலியில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். அந்தப் பட்டியலில் டேப் வந்தால் வயர், எண், டெர்மினேட்டர், மின்சாரம் எல்லாம் சரி. குற்றவாளி யூனிக்ஸ். அங்கேயும் வரவில்லை என்றால் யூனிக்ஸில் தலையைக் குடைந்து பயனில்லை, மேசைக்குக் கீழே குனிய வேண்டும். எந்தச் சிக்கலுக்கும் முதலில் நடுவில் ஒரு கோடு போட்டு, எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலின் பால பாடம்.

ஸ்கஸி இன்னொரு புதுமையைக் கொண்டுவந்தது. கருவி தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ளும். 'நீ யார்?' என்று கேட்டால், தன் வகை, தயாரிப்பாளர் பெயர், மாதிரியின் பெயர் எல்லாம் சொல்லும். தயாரிப்பாளர் பெயருக்கு எட்டு எழுத்து இடம், மாதிரிக்குப் பதினாறு. சொலாரிஸின் டேப் நிரல் இந்தப் பெயரைத் தன் உள்ளமைவுக் கோப்பில் எழுதிய பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஹெச்பி நிறுவனத்தின் டிரைவ் என்றால் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துதான். மீதி ஆறு இடத்தை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும். ஐந்து வெற்றிடம் போட்டால் பொருந்தாது. கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து குறைந்ததால், உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த ஆளை 'யாரோ ஒரு டேப்' என்று பொதுப்படையாக நடத்தும். எழுதும், படிக்கும், ஆனால் அடர்த்தியும் சுருக்கமும் அந்த டிரைவுக்கு உரியபடி அமையாமல் போகலாம். வெற்றிடமும் எழுத்துதான் என்று இதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது.

ஒவ்வொரு யூனிக்ஸும் இந்த அடையாளச் சிக்கலுக்குத் தனக்கென்று சொற்களை வைத்திருந்தது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் ஒரு கருவியை இரண்டு நிலையில் காட்டும். 'வரையறுக்கப்பட்டது' என்றால் பெயர் பதிவில் இருக்கிறது, இப்போது ஆள் கையில் இல்லை. 'கிடைக்கிறது' என்றால் பேசலாம். ஹெச்பி-யூஎக்ஸ் இன்னும் தெளிவாகச் சொல்லும். நிரலோடு சேர்ந்திருக்கும் கருவி 'உரிமை கோரப்பட்டது'. வயரில் ஆள் இருந்தும் பார்த்துக்கொள்ள நிரல் இல்லாத கருவி 'உரிமை கோரப்படாதது'. முன்பு இருந்து இப்போது பதில் சொல்லாதது 'வன்பொருள் இல்லை'. யாரும் உரிமை கோராத கருவி, ஆள் போன பிறகும் பதிவேட்டில் நிற்கும் பெயர். பொறியாளர்கள் இலக்கியத்துக்காக எழுதியதல்ல இது.

சரியாக அடையாளம் கண்ட பிறகும் ஒரு பள்ளம் உண்டு. ஒரே டிரைவுக்கு யூனிக்ஸ் இரண்டு பெயர் வைக்கும். லினக்ஸில் ஒரு பெயரில் எழுதி முடித்தால் நாடா தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். 'என்' என்ற எழுத்தை முன்னால் சேர்த்த இன்னொரு பெயரில் எழுதினால், முடித்த இடத்திலேயே நிற்கும். திங்கட்கிழமை பிரதிக்குப் பின்னால் செவ்வாய்க்கிழமை பிரதியைச் சேர்க்க நினைத்து முதல் பெயரைப் பயன்படுத்தினால், செவ்வாய் திங்களின் மேல் எழுதப்படும். பிழைச் செய்தி வராது. ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஒரு நாள் அழிந்துபோகும்.

தன் டேப்பையே படிக்க முடியாத யூனிக்ஸ்

இதுவரை பார்த்தது சர்வர் அறையின் தொல்லைகள். யூனிக்ஸுக்கே இது நேர்ந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் சுவாரசியமான பகுதி.

1956இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட ஏகபோக வழக்கு உடன்பாட்டின்படி ஏடிஅண்ட்டி நிறுவனம் தொலைபேசித் துறைக்கு வெளியே வணிகம் செய்ய முடியாது. அதனால் யூனிக்ஸைப் பொருளாக விற்காமல், பல்கலைக்கழகங்களுக்கு உரிமம் கொடுத்து மூலநிரலோடு அனுப்பிவைத்தார்கள். அனுப்பியது டேப்பில். 1978இல் பெர்க்லியில் பில் ஜாய் தன் மென்பொருள் தொகுப்பை டேப்பில் பிரதியெடுத்து அனுப்பத் தொடங்கினார். யூனிக்ஸ் உலகெங்கும் பரவியது தபாலில் போன நாடாச் சுருள்களால். 1979இல் ஏழாம் பதிப்போடு வந்த 'டார்' என்ற கருவியின் பெயரே 'டேப் ஆவணக்காப்பு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான். இன்று இணையத்தில் இறக்கும் எத்தனையோ மென்பொருள் 'டார்' என்ற பின்னொட்டோடு வருகிறது. டேப்பைக் கண்ணால் பார்த்திராதவர்களும் தினம் அந்தப் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோப்புக்குள் இன்றும் 512 பைட் கட்டங்கள், நாடாவுக்காக வகுத்த அளவு.

ஆனால் தொடக்கப் பதிப்புகள் பல காணாமல் போயின. டேப் விலையுள்ள பொருள். புதுப் பதிப்பு வந்ததும் பழைய டேப்பின் மேலேயே எழுதுவது சாதாரணம். 'சி' மொழியின் முதல் தொகுப்பிகள்கூட எங்கும் இல்லை என்ற நிலை. டென்னிஸ் ரிச்சியிடம் சில டெக்டேப் சுருள்கள் மட்டும் இருந்தன, படிப்பதற்காக இல்லை, பழைய நினைவுக்காக ஒதுக்கிவைத்தவை. உள்ளங்கை அகலச் சுருள், ஒன்றில் மூன்று லட்சம் எழுத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும். பெல் ஆய்வகத்திலேயே அவற்றைப் படிக்கும் டிரைவ் இல்லை. அந்த வகை டேப்பை எப்போதோ கைவிட்டாகிவிட்டது.

பால் விக்ஸி, கீத் பாஸ்டிக் என்ற இருவர் எங்கிருந்தோ ஒரு டெக்டேப் டிரைவைக் கண்டுபிடித்து, ஒரு வாக்ஸ் கணினியோடு இணைத்து, பழைய டேப் இருந்தால் படித்துத் தருகிறோம் என்றார்கள். ரிச்சி கொடுத்த சுருள்களிலிருந்து இரண்டு பழைய 'சி' தொகுப்பிகள் வெளிவந்தன. 1972, 73 காலத்தவை. அதில் ஒன்று, தரவுக் கட்டமைப்பை எழுத உதவும் 'ஸ்ட்ரக்ட்' என்ற வசதி மொழிக்குள் வருவதற்கு முன்பிருந்தது. இன்று உலகின் பெரும்பாலான இயக்கு தளங்களுக்கு அடியில் இருக்கும் மொழியின் குழந்தைப் படம் அது. இந்தச் சுருள்கள் பிழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெக்டேப் ஒவ்வொரு பிட்டையும் இரண்டு தடங்களில் எழுதும். ஒரு தடம் தேய்ந்தாலும் இன்னொன்று பேசும்.

இதைவிடப் பெரிய கதை 2025இல் நடந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் கணினித் துறையில் ஒரு சேமிப்பறையைச் சுத்தம் செய்தபோது ஒன்பது தட நாடாச் சுருள் ஒன்று கிடைத்தது. மேலே ஒட்டிய தாளில், பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பு என்று கையெழுத்தில் எழுதியிருந்தது. நான்காம் பதிப்பு 1973ஐச் சேர்ந்தது. யூனிக்ஸ் கெர்னல் 'சி' மொழியில் எழுதப்பட்டு வெளிவந்த முதல் பதிப்பு அதுதான். கையேடும் சில பகுதிகளும் தவிர முழுப் பிரதி எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அங்குள்ள பேராசிரியர் ராபர்ட் ரிச்சி, தாளில் இருக்கும் கையெழுத்து தன் வழிகாட்டியாக இருந்து மறைந்த ஜே லெப்ரோவுடையது என்று அடையாளம் கண்டார். எந்தச் சர்வரும் அந்த டேப்பை அடையாளம் காணும் முன்பே ஒரு மாணவர் கையெழுத்தைக் கண்டுகொண்டார்.

தபாலில் அனுப்பாமல், மவுண்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கே அல் கோசோ அதைப் படித்த விதம் கவனிக்கத்தக்கது. பழைய டிரைவ் படித்துச் சொல்வதை அப்படியே நம்பவில்லை. டிரைவுக்குத் தலையிலிருந்து வரும் மின்னலையை, 0 அல்லது 1 என்று அது தீர்ப்பு சொல்வதற்கு முன்பே, அலையாகவே பதிவுசெய்தார்கள். பிறகு லென் ஷஸ்டெக் எழுதிய நிரல் அந்த அலைகளை ஆராய்ந்து பிட்டுகளைப் பிரித்தெடுத்தது. அலையாகக் கையில் இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி கேட்கலாம். நாடாவை மறுபடி ஓட்டுவது அப்படியில்லை. ஐம்பது வருடத்து நாடா ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் உதிரக்கூடும். டிசம்பரில் நான்காம் பதிப்பு வெளியே வந்தது.

கடைசி அடுக்கு

கருவி தெரிந்து, நாடா ஓடி, பிட்டுகள் வந்து, 'டார்' அவிழ்த்துக் கோப்பும் கையில் கிடைத்துவிட்டது. முடிந்ததா? தமிழர்களுக்கு முடியவில்லை. அந்தக் கோப்பு தொண்ணூறுகளில் தட்டச்சு செய்த தமிழ் என்றால் இன்னோர் அடுக்கு பாக்கி.

ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துக்குத் தன் எண்ணை வைத்திருந்த காலம் அது. சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 'கணியன்' உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பில் அதைக் கொண்டு தமிழும் ஏறியது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்'. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பேசப்பட்டது இந்தக் குழப்பம்தான். 1999இல் சென்னையில் 'டாம்', 'டாப்' என்ற தரநிலைகள் வந்தன, 'டிஸ்கி' தனியாக வழங்கியது. பிறகு யூனிகோட் நிலைபெற்றது. இடைப்பட்ட காலத்துக் கோப்பு ஒன்றை இன்று திறந்தால், ஒரு பைட்டும் கெடாமல் இருந்தாலும், திரையில் கேள்விக்குறியும் ஐரோப்பிய உச்சரிப்புக் குறியுமாகத்தான் தெரியும். பெயர், நிரல், கருவி என்ற அதே பட்டியல்தான். ஆள் இருக்கிறார், பேசுகிறார், பார்த்துக்கொள்ள வேண்டிய நிரல் இல்லை. ஹெச்பி-யூஎக்ஸ் மொழியில் சொன்னால், உரிமை கோரப்படாதது. எந்தக் குறியீட்டில் எழுதியது என்று தெரிந்தால் மாற்றிக் கொடுக்கும் நிரல்கள் உண்டு. அந்த ஒரு வரித் தகவலை யாரும் எழுதிவைக்காததுதான் பெரும்பாலும் சிக்கல். யூட்டாவில் கிடைத்த சுருளின் மேல் யாரோ ஒருவர் கையால் எழுதி ஒட்டியிருந்தார், அதனால்தான் அது குப்பைக்குப் போகவில்லை.

டேப் பழங்கதை ஆகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதத்தினரின் கடிதங்கள் மறைந்தன. வெவ்வேறு இடங்களில் டிஸ்க்கில் வைத்திருந்த பிரதிகளும் அதே பிழையில் பாதிக்கப்பட்டன. கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்து. எதனோடும் இணையாமல் அலமாரியில் கிடந்ததால் பிழை அதைத் தொடவில்லை. சர்வருக்குத் 'தெரியாமல்' இருப்பதுதான் டேப்பின் பாதுகாப்பு. தேவைப்படும்போது தெரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அந்த நிபந்தனைக்குக் காலக்கெடு உண்டு. 2000இல் தொடங்கிய எல்டிஓ வகை டேப்புகளில் நீண்ட காலம் இருந்த விதி, ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறையைப் படிக்கும் என்பது. 2005இல் மூன்றாம் தலைமுறை டேப்பில் எழுதியதை 2010இல் வந்த ஐந்தாம் தலைமுறை டிரைவ் படித்தது. 2012இல் வந்த ஆறாம் தலைமுறை படிக்காது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறை தனக்கு முந்தைய ஒன்றை மட்டும்தான் படிக்கும். அலமாரியில் முப்பது ஆண்டு தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருக்கும் நாடாவுக்கு, அதைப் படிக்கும் ஆள் பத்து ஆண்டுக்குள் சந்தையிலிருந்து போய்விடுகிறார்.

உங்கள் வீட்டு அலமாரியில், உங்கள் ஊர்த் தமிழ் அமைப்பின் அலுவலகத்தில், ஓர் எழுத்தாளரின் மேசை இழுப்பறையில் அப்படி ஏதாவது கிடக்கலாம். ஃபிளாப்பியோ, சிடியோ, ஒலிநாடாவோ, பழைய ஹார்ட் டிஸ்க்கோ. அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால், எழுதியவர் இன்னும் இருக்கும்போதே கேட்டு, உள்ளே என்ன, எந்த ஆண்டு, எந்த எழுத்துரு என்று பேனாவால் எழுதி ஒட்டிவையுங்கள். படிக்கும் கருவியை எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம். உள்ளே என்ன என்று தெரியாத ஒன்றுக்காக யாரும் அவ்வளவு தூரம் மெனக்கெட மாட்டார்கள்.